சமாதானத் தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாங்கள் வாளையாறு எல்லையின் தமிழகப் பக்கம், க.க.சாவடியில் வசிக்கிறோம். தச்சு வேலை செய்யும் என் கணவருக்கு வயது 38. வார நாட்களில் பாலக்காட்டில் அறை எடுத்துத் தங்கி, சைக்கிளில் வேலைக்குப் போய் வருபவர். நான்கு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, ஸ்டேடியம் பேருந்து நிலையத்துக்கு அருகே அவர் வலப்புறம் திரும்பும்போது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மோதி, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. அங்கே முதலுதவி பெற்று, கோவையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோம். இன்றுவரை உளியைப் பிடிக்க முடியவில்லை. கை காட்டாமல் திரும்பினார், சைக்கிளில் விளக்கும் இல்லை என்கிறார் வண்டி ஓட்டிய இளைஞர். வண்டிக்குச் சொந்தக்காரரான அவருடைய தாய்மாமன், 40,000 ரூபாய் தருவதாகவும், புகாரைத் தொடர விருப்பமில்லை என்று எழுதித் தரும்படியும் கேட்கிறார். வழக்கை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்திட வேண்டாம். அதைவிட அவசரமாகத் திருத்திக்கொள்ள வேண்டியது உங்கள் உறவினர்கள் சொன்ன யோசனை. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு விபத்து இழப்பீட்டு மனுவுக்குக் காலவரம்பு இல்லாமல் இருந்தது உண்மை. அந்தப் பழைய நினைப்பில்தான் அவர்கள் பேசுகிறார்கள். ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 1.4.2022 முதல் நடைமுறைக்கு வந்து, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் ஆறு மாத வரம்பை மீண்டும் வைத்துவிட்டது. உங்களுக்கு மீதமிருப்பது இரண்டு மாதம். காவல்துறை மூன்று மாதத்துக்குள், இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு என்றாலும், அது போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிராமல், நீங்களே தனியாக மனுத்தாக்கல் செய்துவிடுவதுதான் பாதுகாப்பு.

காவல் நிலையத்தில் இருக்கும் குற்றவழக்கும் தீர்ப்பாயத்தில் கேட்கும் இழப்பீடும் வெவ்வேறு. ஆனால் ஒன்றில் எழுதித் தருவது மற்றொன்றில் வந்து நிற்கும். அந்தச் சமாதானத் தாளில் ‘என் கவனக்குறைவால்’ என்று ஒரு சொல் நுழைந்திருந்தாலும், காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். வழங்கப்படும் தொகையும், கீழே நான் காட்டப்போகும் கணக்கோடு ஒப்பிட்டால் மிகவும் சொற்பம்.

தவறு யாருடையது என்பதில், இழப்பீட்டு வழக்குக்குக் குற்றவழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்பதே அளவுகோல். காவல்துறை அந்த இளைஞர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால், அதையே அலட்சியத்துக்கான முதல்நிலைச் சான்றாக ஏற்கலாம் என்று 2011-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. உங்கள் கணவர் கை காட்டாமல் திரும்பியது மெய்ப்பிக்கப்பட்டாலும் மனு தள்ளுபடியாகிவிடாது. அவர் பங்குக்கான விழுக்காடு மட்டும் தொகையில் குறையும். விளக்கு இல்லை என்ற வாதமும் அந்த விழுக்காட்டுக்குள் அடங்குவதுதான், அதுவும் அப்போது இருட்டியிருந்ததா, தெருவிளக்கு எரிந்ததா என்பதைப் பொறுத்தது. சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அவருக்கு உரிமமோ காப்பீடோ தேவையில்லை. அந்த வண்டியின் காப்பீட்டுக்கு அவர் மூன்றாம் நபர், அதாவது ஒப்பந்தத்தில் சேராதவராக இருந்தும் அதிலிருந்து இழப்பீடு கேட்கக்கூடியவர்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. முதலுதவி கொடுத்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் காயத்தின் காரணம் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது? கூட்டிச் சென்றவர் பதற்றத்தில் ‘சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்லியிருந்தால் அப்படியே பதிவாகியிருக்கும். நான் கையாண்ட வழக்குகளில் இந்த ஒற்றை வரி செய்த சேதத்தை வேறெதுவும் செய்ததில்லை. நகலை உடனே வாங்கிப் பாருங்கள். அப்படி இருந்தால் யாரிடமும் சொல்லித் திருத்த முயல வேண்டாம். அது இன்னும் கெடுதல். கூட்டிச் சென்றவரைச் சாட்சியாக நிறுத்தி விளக்கச் செய்யலாம். அதேபோல, மலையாளத்தில் எழுதப்பட்ட எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகப் பெறும் உரிமை புகார் கொடுத்தவருக்கு உண்டு. படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிழை இருந்தால் விசாரணை அதிகாரிக்கு எழுத்து மூலமாகவே தெரிவியுங்கள்.

தொகைக்கு வருவோம். ஊனம் 20 விழுக்காடு என்று மருத்துவர் சான்று கொடுத்தாலும், வருமான இழப்பும் 20 விழுக்காடுதான் என்று பொருளில்லை. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடது கையை இழந்தவர் தச்சராகவோ ஓட்டுநராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறத்தாழ முழுவதும் போய்விடும், அரசு எழுத்தராக இருந்தால் வேலையே போகாது. தச்சரை உதாரணமாகச் சொன்ன அந்தத் தீர்ப்பு உங்களுக்கென்றே எழுதியது போலிருக்கிறது. மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,16,000. ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ப எத்தனை மடங்காக்குவது என்று சொல்லும் பெருக்கெண், 36 முதல் 40 வயது வரை 15. இதில் 20 விழுக்காடு என்றால் 6,48,000 ரூபாய், 50 விழுக்காடு என்று தீர்ப்பாயம் ஏற்றால் 16,20,000 ரூபாய். எதிர்கால வருமான உயர்வு, மருத்துவச் செலவு, வலிக்கான தொகை எல்லாம் தனி. எனவே மருத்துவக் குழுவின் சான்றோடு நில்லாமல், அவர் எந்த வேலையை இனிச் செய்ய முடியாது என்பதை மேஸ்திரியோ கடை உரிமையாளரோ வந்து சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் கூலிக் கணக்கு நோட்டும் வங்கி வரவும் உதவும்.

தவறை நிரூபிக்காமலே, எலும்பு முறிவு போன்ற கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெற 164-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-இன் கீழ் போட்ட மனு செல்லாது போய்விடும். உங்கள் நிலையில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஓட்டியவர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். இளைஞரிடம் உரிமம் இல்லையென்றாலும், நிறுவனம் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கும்படி உத்தரவிடுவதே வழக்கம். காப்பீடே இல்லையென்றால் சுமை தாய்மாமன் தலையில் விழும். அவர் சமாதானத்துக்கு இவ்வளவு விரைவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வசிக்கும் இடத்திலும் மனுச் செய்யலாம் என்பதால் கோவை, பாலக்காடு இரண்டும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. சாட்சிகளும் காவல் ஆவணங்களும் அங்கே இருப்பதால், அலைச்சலைப் பார்க்காமல் பாலக்காட்டைத் தேர்ந்தெடுப்பேன்.

சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பின்சக்கரம் நெளிந்திருந்தால், வண்டி பின்னாலிருந்து வந்து மோதியதற்கு அதுவே சாட்சி. உங்களிடம் இருந்தால் சரிசெய்யாமல், பழைய இரும்புக்கும் போடாமல், நாலு பக்கமும் படம் எடுத்து அப்படியே வைத்திருங்கள்.