கங்கை டால்பினும் கோமல் ஊற்று நீர்வண்டும்

ஒரு டால்பினையும் அழியும் நிலையிலுள்ள ஒரு நீர்வண்டையும் ஒப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கங்கை ஆற்று டால்பினையும், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நிலத்தடி நீரில் வாழும் கோமல் ஊற்று வண்டையும் எடுத்துக்கொண்டால் தாராளமாக ஒப்பிடலாம் என்பேன்.

முதலாவதாக, இரண்டுக்கும் பார்வை அநேகமாக இல்லை. கங்கை டால்பினின் கண்ணில் வில்லையே கிடையாது. கலங்கல் நீரில் அது ஓயாமல் ஒலியெழுப்பி, எதிரொலியைக் கொண்டு மீனைக் கண்டுகொள்கிறது. ஒருக்களித்து நீந்தி, ஒரு துடுப்பால் ஆற்றின் தரையைத் தடவியபடியே இரை தேடும் பழக்கமும் அதற்கு உண்டு. வண்டின் நீளமோ ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் புகாத சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் வாழ்வதால் அதன் கண்கள் வெறும் சுவடாகச் சுருங்கிவிட்டன.

என்னை அதிகம் ஈர்ப்பது அவை மூச்சுவிடும் விதம். டால்பின் காற்றுக்காக அடிக்கடி நீருக்கு மேலே வந்தாக வேண்டும். வண்டுக்கு அந்தத் தேவை இல்லை. அதன் அடிவயிற்றிலுள்ள நுண்மயிர்கள் மெல்லிய காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்க, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் அந்தப் படலத்துக்குள் ஊடுருவி வண்டுக்குக் கிடைக்கிறது. ஆகவே ஊற்று ஓடிக்கொண்டே இருப்பது அதற்கு உயிர்ப்பிரச்சினை. 1956 வறட்சியில் கோமல் ஊற்றுகள் மாதக்கணக்கில் வற்றிக் கிடந்தன. பாறைக்குள் ஆழமாக இறங்கித்தான் இந்த இனம் தப்பியிருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்று வரும்போது, புகழ் பெற்ற விலங்குக்கே அதிகம் கிடைத்திருக்கும் என்று நினைப்போம். டால்பினை இந்தியா 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது; 2021 முதல் 2023 வரை நடந்த கணக்கெடுப்பில், சிந்து இனத்தைச் சேர்ந்த மூன்றையும் சேர்த்து 6,327 ஆற்று டால்பின்கள் மதிப்பிடப்பட்டன. ஆனால் தடுப்பணைகள் அவற்றின் வாழிடத்தைத் துண்டாடியிருப்பதை அந்தப் பட்டத்தால் மாற்ற முடியவில்லை. வண்டை இப்படி எண்ணவே முடியாது; ஊற்று வெளியே தள்ளும் சில வண்டுகள் வலையில் சிக்கினால்தான் உண்டு. இருந்தும், 1997-இல் அது அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னர் அதையும் அதே ஊற்றுகளைச் சார்ந்த மீன் போன்ற பிற உயிர்களையும் காப்பதற்கான திட்டம் ஒன்று 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, நிலத்தடி நீர்மட்டம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது, திட்டத்தில் சேர்ந்துள்ள விவசாயிகள் பாசனத்துக்கு நீர் இறைப்பதை நிறுத்திவைக்கிறார்கள். அதற்காக அவர்களுக்குப் பணமும் தரப்படுகிறது.