வெயில் ஊரில் பறவை பார்ப்பதில் அப்படி என்ன இருக்கிறது?

"பறவை பார்க்கப் போகிறேன் என்கிறார்களே, அதில் அப்படி என்ன சந்தோஷம்? திருநெல்வேலி மாதிரி வெயில் கொளுத்தும் ஊரில் எங்கே போய்ப் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ரொம்ப தூரம் எங்கும் போக வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு குளம் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் பெருகி, பிசானப் பருவ நெல் நடவு முடிந்திருக்கும் சமயத்தில் அதன் கரையில் போய் நில்லுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே களக்காடு, மாஞ்சோலை என்று மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் அது வேண்டாம். காட்டில் குரல் கேட்கும், இலை அசையும், பறவை மட்டும் கண்ணில் படாது. கழுத்து வலிதான் மிச்சம். குளமும் வயலும் வெட்டவெளி. பறவைகளும் பெரியவை. கொக்கு, நாரை, நீர்க்காகம், நாமக்கோழி எல்லாம் கண்ணுக்கு எதிரேயே நிற்கும்.

சரி, சந்தோஷம் எதில்? பெயர்ப் பட்டியல் சேர்ப்பதில் சிலருக்கு இருக்கிறது. எனக்கு ஒரே பறவையை ரொம்ப நேரம் பார்ப்பதில்தான்.

நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வயல்களில் சர்வ சாதாரணம், யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூக்கை இறுக மூடினாலும் நடுவில் ஒரு சந்து தெரியும். குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து கிடையாது, வளர வளரத்தான் வரும். சேற்றுத் தண்ணீரில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டே வரும். நத்தை அகப்பட்டதும் மேல் மூக்கால் அதைத் தரையோடு அமுக்கிப் பிடித்து, கீழ் மூக்கின் நுனியை ஓட்டின் மூடிக்குள் செருகி, சதையை அறுத்து இழுத்துவிடும். இத்தனையும் தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. நமக்குத் தெரிவது தலையாட்டல் மட்டும். அப்புறம் சதை வெளியே வரும், அண்ணாந்து ஒரே விழுங்கு. அது நகர்ந்தபின் வரப்போரம் போய்ப் பாருங்கள், ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும்.

இப்படி நான் நின்றுகொண்டிருந்தபோது மண்வெட்டியோடு வந்த பெரியவர் ஒருவர், "என்ன தம்பி, கொக்கையா பாக்குதிய?" என்று கேட்டார். நத்தை விஷயத்தைச் சொன்னேன். "ஆமா, நாத்தைத் தின்னு அழிக்கிற நத்தையை அதுதான காலி பண்ணுது. அதை நாங்க வெரட்ட மாட்டோம்லா" என்றார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் வரப்பில் நின்றே தெரிந்து வைத்திருக்கிறார்.

வெயிலைப் பற்றிக் கேட்டீர்கள். வெயில்தான் இங்கே பாதி வேடிக்கை. நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது கூந்தன்குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இப்போது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது. மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து சேரும் குளம். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்துக்குள் நிற்கும் மரங்களில் மட்டுமல்லாமல், ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் கூடு கட்டுகின்றன. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் உண்டு.

மாசி, பங்குனி உச்சி வெயிலில் அங்கே ஒரு நாரைக் கூட்டைப் பாருங்கள். தாயோ தகப்பனோ வெயிலுக்கு முதுகைக் காட்டி, இறக்கையைப் பந்தல் போல விரித்து நிற்கும். குஞ்சுகள் அந்த நிழலில் ஒடுங்கிக் கிடக்கும். நிற்கிற பறவையின் கால் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்திருக்கும். அது காலின் நிறம் இல்லை. தன் காலிலேயே எச்சம் இட்டுக்கொள்கிறது. அந்த ஈரம் காயும்போது உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கும்!

அதே குளத்துக்குக் குளிர்காலத்தில் வரித்தலை வாத்தும் வரும், திபெத், மங்கோலியா பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி. மழை பொய்த்துக் குளம் வறண்ட வருடம் என்றால் எதுவும் இருக்காது. அதனால் தண்ணீர் நிற்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

சாமான்கள் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். 8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள பைனாகுலர் போதும், அதுவும் ஆசை வந்தபிறகு வாங்கிக்கொள்ளலாம். திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையிலுள்ள குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்தால், கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆற்றுக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, தலைகுப்புற விழுவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

துணை வேண்டுமென்றால் ஜனவரி நல்ல மாதம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். பொங்கல் விடுமுறையில் ஒரு பறவைக் கணக்கெடுப்பும் உண்டு. அதற்கு உங்கள் வீட்டு மொட்டைமாடியில் கால்மணி நேரம் நின்றாலே போதும்.

முக்கூடல் பக்கம் போனால் திருப்புடைமருதூரையும் விட்டுவிடாதீர்கள். ஊர் மரங்களில் கூடு கட்டும் நாரைகளுக்காகவே 2005இல் பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்ட ஊர். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதாக இருந்தால் குடை எடுத்துப் போங்கள், வெயிலுக்கு மட்டும் இல்லை.