கணினிக்கு யூ.பி.எஸ்.ஸா, இன்வெர்ட்டரா?

கேள்வி: மேசைக் கணினி, தொலைக்காட்சி, வைஃபை ரவுட்டர் மூன்றும் மின்தடையில் இரண்டு மணி நேரமாவது இயங்க எதை வாங்கலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) திறனுள்ள சிறு யூ.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். அதனுள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான் இருக்கும்; இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-ஹவர் மட்டுமே என்பதால், 150 வாட் இழுக்கும் கணினியை, இழப்புகள் போக, ஏறத்தாழ கால் மணி நேரம் தாங்கும். வேலையைச் சேமித்து அணைக்க அது போதும், அவ்வளவே.

உங்களுக்கு 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் (குழாய் வடிவத் தகடுகள் கொண்ட) பேட்டரியும், வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலையைத் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரும் பொருந்தும். ஏட்டுக்கணக்கில் 1,800 வாட்-ஹவர். இழப்புகள் போக 1,200 கிடைத்தாலும், மூன்றும் சேர்ந்து இழுக்கும் 250 வாட்டுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாது. பல இன்வெர்ட்டர் மாடல்களின் பின்புறம், விரைவாகப் பேட்டரிக்கு மாறச் செய்யும் ‘யூ.பி.எஸ்.’ சுவிட்ச் இருக்கும்; அதைப் போட மறந்தால், மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில் கணினி அணைந்து மீண்டும் எழும். இதைப் பழுதென்று நினைத்து மெக்கானிக்கை அழைக்கும் வீடுகளும் உண்டு.

2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் நம் பகுதி நாள்கணக்கில் இருண்டு கிடந்ததே, அதற்கெல்லாம் இது ஈடுகொடுக்காது. பேட்டரியில் நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கும்போது டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றுங்கள். உப்பேறிய போர் தண்ணீர் தகடுகளைக் கெடுத்துவிடும்.