எஸ்டிக்கு பார்ட்ஸ் எங்கன கெடைக்கும்? (பட்டறை அண்ணாச்சி பதில்கள்)

கேள்வி: அண்ணாச்சி, எங்க அப்பா ஓட்டின பழைய எஸ்டி (Yezdi) 250 பைக் பன்னெண்டு வருசமா மாட்டுத்தொழுவத்துல நிக்கு. வெளிய எடுத்துப் பாத்தா கிக்கர் எறங்க மாட்டேங்கு, கார்புரேட்டர் பூரா பச்சை பிடிச்சிருக்கு. ஜங்சன்ல நாலு கடை ஏறி எறங்கிட்டேன், "எஸ்டியா?"ன்னு கேட்டு சிரிக்காவ. ஆன்லைன்ல ஜாவான்னு போட்டு ஒரு கிளட்ச் பிளேட் செட் வாங்குனேன், சேரவே இல்ல. பார்ட்ஸுக்கு எங்க போக?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, நீங்க வாங்கினது 2018ல வந்த புது ஜாவாவுக்கு உள்ளதா இருக்கும். அது 293 சிசி, ஃபோர் ஸ்ட்ரோக், கூலண்ட் ஊத்துற இன்ஜின். உங்க வண்டி மைசூர்ல ஐடியல் ஜாவா கம்பெனி போட்ட டூ ஸ்ட்ரோக், அந்த கம்பெனிய 1996லயே பூட்டியாச்சு. ஜாவாங்கற பேரத் தவிர ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல. அதனால கடைக்குப் போனா முதல்ல வண்டி பேரச் சொல்லாதீங்க, சொன்னா ஒண்ணு சிரிப்பாவ, இல்லன்னா வெலைய ஏத்திருவாவ.

நம்பரைச் சொல்லணும். இன்ஜினைப் பிரிச்சதும் பேரிங்கை டீசல்ல கழுவி ஓரத்தை துணியால தொடச்சுப் பாருங்க, நம்பர் வெட்டியிருக்கும். 6204ன்னு இருந்தா உள்விட்டம் 20 மில்லி, வெளிவிட்டம் 47, கனம் 14, அது எந்த ஊரு பேரிங் கடையிலயும் அதே அளவுதான், மோட்டார் பம்புக்குப் போடுறதும் அதே நம்பர்தான், கடைக்காரருக்கு எஸ்டின்னா என்னன்னே தெரிய வேண்டாம். கிராங்குல போடுறதுக்கு மட்டும் சி3ன்னு கேட்டு வாங்குங்க, அது கொஞ்சம் லூசா வரும், சூட்டுல இறுகாது. ஆயில் சீல்லயும் மூணு அளவு அச்சடிச்சிருக்கும், அது அழிஞ்சிருந்தா பழைய சீலை அளக்காதீங்க, தேஞ்சு விரிஞ்சு போயிருக்கும், ஷாஃப்ட்டையும் சீல் உக்காருத குழியையும் வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்துட்டுப் போங்க. கேஸ்கட்டுக்கு அலையவே வேண்டாம், கேஸ்கட் பேப்பரை இன்ஜின் வாய் மேல விரிச்சு வச்சு ஓரம் பூரா சின்ன சுத்தியலால பைய தட்டிக்கிட்டே வந்தா அதுவா அறுந்து வடிவம் வந்துரும்.

இப்ப கிக்கருக்கு வாரேன். எறங்கலைன்னா பெரும்பாலும் பிஸ்டன் பிடிச்சிருக்கும், தயவுசெஞ்சு மேல ஏறி மிதிக்காதீங்க. எஸ்டியில கியர் லிவரை உள்ள அமுக்கித் திருப்புனா அதேதான் கிக்கர், அந்த ஷாஃப்ட்டு பல்லு ஒடைஞ்சா அது எந்த பேரிங் கடையிலயும் கெடைக்காது, பொறவு நெசமாவே அலைச்சல்தான். பிளக்கைக் கழத்தி ஓட்டை வழியா டீசலும் டூடி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்குத ஆயில்) கலந்து ஊத்தி ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க, பொறவு டாப் கியர்ல போட்டு வண்டிய முன்னயும் பின்னயும் பைய அசைங்க. விட்டுருச்சுன்னா பாதி சோலி முடிஞ்சுது.

பிஸ்டன் மாத்தணும்னா ஒண்ணு கேட்டுக்கோங்க, பிஸ்டன் கைக்கு வாரதுக்கு முன்ன லேத்துல போர் போட, அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கக் குடுத்துராதீங்க. 0.50 ஓவர்சைஸுக்கு போர் போட்டுட்டு அந்த சைஸ் பிஸ்டன் கெடைக்காம ஊர் ஊராத் திரியுதவங்க எத்தனையோ பேரு. பிஸ்டனை கொண்டு போயி குடுத்து இதுக்குத் தக்கன போடுங்கன்னு சொல்லுங்க.

எஸ்டிக்கே உள்ள சாமான்னா பழைய வண்டி சாமான் விக்குத மெட்ராஸ் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போகத்தான் வேணும். போட்டோவ வாட்சப்ல அனுப்புனா எல்லாரும் "இருக்கு"ன்னுதான் சொல்லுவாவ. ஒடைஞ்ச சாமானையே ஒரு பையில போட்டு கொண்டு போயி பக்கத்துல வச்சுப் பாத்து வாங்குங்க. இதை நான் பட்டுத்தான் சொல்லுதேன், ஒரு எஸ்டி ரோட்கிங் வண்டியோட கிக்கர் ஸ்பிரிங் ஒடைஞ்சதுன்னு பழைய இரும்போட எடைக்குப் போட்டுட்டேன், பொறவு கம்பி என்ன கனம், எத்தனை சுத்து, கொக்கி எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு ஒண்ணும் ஞாபகம் இல்ல, மூணு ஊர்ல மூணு ஸ்பிரிங் வாங்கி மூணும் சேரல, இன்னும் ஆணியில தொங்குது. ஜூலை ரெண்டாவது ஞாயித்துக்கெழம ஜாவா எஸ்டிக்காரங்க பல ஊர்லயும் வண்டியோட கூடுவாவ, அங்க போயி நின்னு பேச்சு குடுங்க, கடையில கெடைக்காதது பாதி அவங்க வீட்டு மச்சுல கெடக்கும்.

கார்புரேட்டர்ல பச்சை பிரச்சனை இல்ல, கழுவிரலாம். ரப்பர் வாஷர் எல்லாத்தையும் மாத்திருங்க, இப்ப வார எத்தனால் பெட்ரோல்ல பழைய ரப்பர் ஊதிப் போயிரும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரரு பார்ட்ஸுக்குன்னே இன்னொரு பழைய எஸ்டிய வாங்கி மாடிப்படிக்கு கீழ போட்டிருக்காரு. இது தேவையா அண்ணாச்சி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தேவைதாம்மா, கோவப்படாதீங்க. தனித்தனியா வாங்குதத விட அது லாபம். ஆனா அதுக்கு ஆர்சி இருக்கான்னு கேளுங்க. அந்த இன்ஜினை அப்படியே தூக்கி இதுல வச்சாருன்னா நம்பர் மாறும், ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சியில ஏத்தாம ரோட்டுல எறக்கக் கூடாது. மாடிப்படி விசயத்துல நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: 1971 ராஜ்தூத் பைக் வச்சிருக்கேன். விண்டேஜ்னு பதிஞ்சா நல்லதுன்னு சொல்லுதாவ, பதியலாமா?
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: அம்பது வருசம் தாண்டுன வண்டிக்கு 2021ல அந்த விதி வந்துச்சு, நம்பர்ல விஏன்னு வரும், புதுசா பதிய 20,000 ரூவா, மறுபதிவுக்கு 5,000, பத்து வருசம் செல்லும். வண்டி ஒரிஜினலா இருக்கணும், பெருசா மாத்தியிருக்கக் கூடாது. ஆனா தெனமும் ஓட்ட விட மாட்டாவ, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பட்டறைக்குப் போக வரன்னு மட்டுந்தான். நீங்க லெட்டர்ல பால் கேன் கட்டிட்டு போறதா வேற எழுதியிருக்கிய. அப்ப பேசாம அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்சிய புதுப்பிச்சுக்கிட்டு ஓட்டுங்க.