ஜெயந்தி ரோகு: தாய்மீன் வாங்கும் முன்

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் சின்னதாக மீன்குஞ்சுப் பண்ணை வைத்திருக்கிறேன். 'ஜெயந்தி ரோகு' என்ற கெண்டை ரகத்தில் தாய்மீன் (குஞ்சு எடுக்க வைத்திருக்கும் ஆண், பெண் மீன்கள்) தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். நார்வே உதவியில் வந்த ரகமாம். வெளிநாட்டு மீன் என்றால் அனுமதி வேண்டுமா? ஒரு தடவை வாங்கினால் போதுமா?

பதில்: மீன் நம்முடையதுதான். கங்கை, யமுனை, கோமதி, சட்லஜ், பிரம்மபுத்திரா ஆற்று ரோகுகளோடு, புவனேஸ்வர் அருகே கௌசல்யகங்காவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணை ரோகுவையும் கலந்து உருவாக்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த திலேப்பியாவை வளர்க்கத் தனி அனுமதி தேவை. ஜெயந்தியை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நார்வேயிலிருந்து வந்தது இனத்தேர்வு முறை, அதாவது நன்றாக வளரும் மீன்களைப் பொறுக்கி அடுத்த தலைமுறை எடுப்பது. 1970-களின் தொடக்கம் முதலே அவர்கள் சால்மன் மீனில் அதைச் செய்து தேறியவர்கள். அவர்களுடைய அக்வாஃபோர்ஸ்க் நிலையம் 1992-ல் கௌசல்யகங்காவோடு கைகோத்தது. ஒவ்வொரு ஜோடியின் குஞ்சுகளையும் முதலில் தனித்தனியாக வளர்ப்பார்கள். ஓரளவு வளர்ந்ததும் வயிற்றுக்குள் அரிசியளவு மின்னணுச் சில்லு ஒன்றைச் செலுத்தி, எல்லாவற்றையும் ஒரே குளத்தில் விடுவார்கள். பின்னால் எடை போடும்போது எந்த மீன் எந்தத் தாய் தகப்பனுக்குப் பிறந்தது என்று கருவி காட்டிவிடும். நன்றாக வளர்ந்த குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறை. இப்படித் தலைமுறைக்குச் சராசரியாக 17 சதவீதம் வளர்ச்சி கூடியது. சுதந்திரப் பொன்விழா ஆண்டான 1997-ல் வெளியிட்டதால் ஜெயந்தி என்று பெயர்.

இந்த உதவி பலித்ததற்குக் காரணம், வாங்கிக்கொள்ள இங்கே தேர்ந்த கைகள் இருந்ததுதான். மீன் விஞ்ஞானி ஹிராலால் சவுத்ரி 1957-லேயே ஒடிசாவில் பிட்யூட்டரி ஊசி (மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாறு) போட்டுக் கெண்டையை முட்டையிட வைத்துவிட்டார். கௌசல்யகங்காவில் ஆராய்ச்சி, பயிற்சி மையம் 1976-ல் ஐ.நா. உதவியோடு வந்தது. நார்வே திட்டம் முடிந்த பிறகும் நம் விஞ்ஞானிகள் தேர்வை விடவில்லை. எந்த மீன் எந்த ஜோடியின் வாரிசு என்று எழுதும் பதிவேட்டை மூடியிருந்தால் ரகமும் அன்றோடு போயிருக்கும்.

சரி, உங்கள் பண்ணைக்கு வருவோம். ஒரு தடவை வாங்கினால் போதாது. பல பண்ணைகளில் நல்ல குஞ்சை விற்றுவிட்டு, விலைபோகாமல் மிஞ்சியதைத் தாய்மீனாக வளர்க்கிறார்கள். அதுவும் ஒரே ஈட்டில் பிறந்த அண்ணன் தங்கைகளாகவே இருக்கும். இரண்டு மூன்று தலைமுறை இப்படிப் போனால், நார்வேயும் கௌசல்யகங்காவும் சேர்த்துத் தந்த வளர்ச்சி கரைந்துவிடும். இன்னொரு கேடு, வேறு கெண்டை இனமான கட்லாவையும் ரோகுவையும் ஒரே வட்டத் தொட்டியில் முட்டையிட விடுவது. கலப்புக் குஞ்சுகள் வந்துவிடும். சிறிதாக இருக்கும்போது பார்த்தால் தெரியாது. இனம் இனமாகப் பிரித்தே முட்டையிடும் ஊசி போடுங்கள்.

அந்த வியாபாரியிடம் மூலச் சான்று, அதாவது மீன் எங்கிருந்து வந்தது என்பதற்கான சான்று கேளுங்கள். காட்டாவிட்டால் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும். மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தாய்மீன் வங்கியும் கௌசல்யகங்காவில்தான் இருக்கிறது. என் யோசனை, வளர்ந்த தாய்மீனைவிட, வெவ்வேறு ஜோடிகளின் குஞ்சுகளாக வாங்கி நீங்களே வளர்ப்பது நல்லது. எந்தத் தொகுதி எப்போது, எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, தனிக் குளத்தில் விடுங்கள். ரோகு தாய்மீனாக இரண்டு வருஷம் ஆகும். அதுவரை கையிலிருக்கும் பழைய தாய்மீன்களை விற்றுவிடாதீர்கள்.