ஒன்றரை நாளில் ஒரு பழைய ஐரோப்பியத் தலைநகரைப் பார்த்துவிட முடியுமா?

முடியும், நான் ப்ராக் நகரத்தை அப்படித்தான் பார்த்தேன். மியூசியம் எதற்குள்ளும் போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெர்லினில் வேலை. அக்டோபர் 3 ஜெர்மனியில் விடுமுறை, 2025-இல் அது வெள்ளிக்கிழமை வந்ததால் மத்தியானம் ரயில் ஏறிவிட்டேன், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், டிரெஸ்டன் தாண்டியதும் ரொம்ப நேரம் எல்பே ஆறு கூடவே வரும்.

இறங்கியதும் முதல் வேலையாக ஏமாந்தேன். செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். பழைய நகரத்தில் ஒரு நாணயமாற்றுக் கடையில் பெரிய எழுத்தில் நல்ல ரேட் போட்டிருந்ததைப் பார்த்து நூறு யூரோவை நீட்டினேன், அது அவர்கள் விற்கிற ரேட்டாம், கைக்கு வந்தது ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 2019-இலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது, ஆயிரம் யூரோ வரை மாற்றியிருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விடுதியில் சொன்ன பிறகு ஓடினேன், ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பேசாமல் கார்டைத் தேய்த்திருக்கலாம்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே சார்லஸ் பாலத்துக்குப் போய்விட்டேன். 1357-இல் கட்டத் தொடங்கிய கல் பாலம், இரு பக்கமும் முப்பது சிலைகள், அந்த நேரத்தில் மூன்று நாலு பேர்தான் இருந்தோம், பத்து மணிக்கு மேல் போனால் சிலையைவிட முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

அங்கிருந்து பழைய நகரச் சதுக்கம், 1410-ஆம் வருடத்து வானியல் கடிகாரம். காலை ஒன்பதிலிருந்து மணிக்கொரு தடவை எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போவார்கள், சேவல் கூவும், முடிந்தது. அதற்காகத்தான் அவ்வளவு கூட்டம். நான் நின்றது ஏழே முக்காலுக்கு, பொம்மை எதுவும் ஆடாத நேரம், அதனால் முகப்பை நிதானமாகப் பார்க்க முடிந்தது. வெளிவளையத்தில் இருபத்துநாலு மணியும் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணுகிற பழைய செக் கணக்கு, முள் பதின்மூன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே வளைந்த தங்கக் கோடுகள் பகல் பொழுதைப் பன்னிரண்டாகப் பிரிக்கின்றன, கோடையில் ஒவ்வொரு பங்கும் நீளும், குளிரில் சுருங்கும். பகலை எட்டாக வகுத்து ராகுகாலம் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இது புரிய விளக்கப் பலகை வேண்டியதில்லை.

ராசி வளையத்தில் சூரியன் துலாமில் இருந்தது. படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். "புரட்டாசி பாதிதான்டா ஆகுது, சூரியன் கன்னியில இருக்கணும், கடிகாரம் தப்பு" என்று பதில் வந்தது. தப்பில்லை. அவர்கள் ராசியை மார்ச்சில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறது, இடையில் கிட்டத்தட்ட 24 பாகை வித்தியாசம், அதைத்தான் அயனாம்சம் என்கிறோம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

புரட்டாசி சனிக்கிழமை வேறு, எந்த மெனுவைத் திறந்தாலும் பன்றி முட்டி. மாவு தோய்த்துப் பொரித்த சீஸ் துண்டும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன், இரண்டு வேளையும் அதே. அங்கே அது சாதாரண சாப்பாடு, எங்கும் கிடைக்கும்.

ஞாயிறு காலை கோட்டை. அங்கே இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் 1344-இல் தொடங்கி 1929-இல் முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை பூசை இருப்பதால் மத்தியானம் வரை நம்மை உள்ளே விடமாட்டார்கள், இது எனக்குத் தெரியாது. சரி என்று பழைய அரண்மனைக்குள் போனேன். அதில் ஒரு அறை, ஒரு ஜன்னல். 1618 மே 23-ஆம் தேதி புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் ஒரு எழுத்தரையும் அதன் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். மாதா காப்பாற்றினாள் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு காப்பாற்றியது என்றது இன்னொரு கட்சி. முப்பதாண்டுப் போர் அங்கேதான் ஆரம்பம். எட்டிப் பார்த்தேன், நல்ல உயரம்.

முந்தின நாள் சதுக்கத்தில், நகர மண்டபத்துச் சுவரோரம் தரையில் வெள்ளைக் கல்லில் பதித்த சிலுவைகளைப் பார்த்திருந்தேன், அலங்காரம் என்று நினைத்து மேலேயே நடந்தும் விட்டேன். மொத்தம் 27. அந்த ஜன்னலில் ஆரம்பித்த பிரபுக்களின் கிளர்ச்சி தோற்ற பிறகு 1621 ஜூன் 21-இல் அந்த இடத்தில் கொல்லப்பட்டவர்களுக்கு ஆளுக்கொன்று. அவர்களில் பன்னிரண்டு பேரின் தலைகளைத் தொங்கவிட்டது, சனிக்கிழமை விடிகாலையில் நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே நுழைந்த அதே பாலக் கோபுரத்தில்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. டிராமை விட்டுவிட்டுப் பாலத்தின் வழியே நடந்தே ஸ்டேஷனுக்குப் போனேன், இந்தத் தடவை கோபுரத்தடியில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டு. பின்னால் வந்தவர் முதுகில் இடித்தார்.