வேலூர் சிறையிலிருந்து வந்த தம்பிக்கு வேலை

தம்பி விடுதலையாகி வந்தும் யாரும் வேலை தரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேலூர் மத்தியச் சிறையில் அவர் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்? அங்கே போலீசாருக்கான பூட்ஸ் தைக்கிறார்கள். அந்தப் பிரிவென்றால் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கேளுங்கள். தையல் மெஷினில் கை பழகியவருக்கு அங்கே தேவை உண்டு. சூப்பர்வைசரிடம் வழக்கை முதலிலேயே சொல்லிவிடட்டும். பக்கத்து வீட்டுக்காரர் போய்ச் சொன்னால்தான் வம்பு.

அப்புறம், மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். விடுதலையானவர்களுக்கான உதவிச் சங்கம் வழியாகச் சிறுதொழிலுக்கு நிதி கேட்க அவரே வழி சொல்வார். விடுதலைச் சான்று, ஆதார் கையில் இருக்கட்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பழைய கூட்டாளிகள் வீட்டுப் பக்கம் வந்தால், நீங்களே வாசலில் பேசி அனுப்பிவிடுங்கள்.